பாடாத பெட்டிக்குள் இருக்கும் பாட்டு

எதிர் வீட்டு அண்ணன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவைத் தட்டினார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கொடுங்கையூரில் எங்கள் தெருவில் அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம். கையில் உள்ளங்கை அளவு பாட்டுப் பெட்டி. மெமரி கார்டு செருகி, இயர்போன் மாட்டிக் கேட்கிற வகை.

“தம்பி, இதுல நைனா பாடுனதெல்லாம் கீது. பாதி பாட்டு பாட மாட்டேங்குது. கம்ப்யூட்டர்ல போட்டா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. கடையில ஃபார்மட் பண்ணா சரியாப் பூடும்னு சொல்றாங்கோ. பண்ணிடலாமா?”

“வேணாம்ணா. எதையும் அழுத்தாதீங்க. அப்படியே குடுங்க.”

அவருடைய நைனா கானா பாடகர். மேடைக்காரர் இல்லை; சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா பாடியவர். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் என்று வடசென்னையில் இப்படிப் பாடியவர்கள் பாடியது பெரும்பாலும் எந்த இசைத்தட்டிலும் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ போனில் பிடித்து வைத்தால் உண்டு. அந்தப் போன் பதிவுகள்தான் சினிமாப் பாட்டுகளோடு கலந்து இந்த ஒரு கார்டில் கிடந்தன. வேறு நகல் இல்லை.

பெட்டி பாடவில்லை என்றதும் பாட்டே போய்விட்டது என்று மனம் பதறுகிறது. பதற வேண்டாம். காதுக்கும் பாட்டுக்கும் நடுவே ஐந்தாறு படிகள் இருக்கின்றன. எந்தப் படி உடைந்தது என்பதை அந்தக் கோளாறின் ஓசையே சொல்லிவிடும். கவனித்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கேட்டுப் பார்த்தேன். சினிமாப் பாட்டில் மேளம் இருந்தது, வயலின் இருந்தது. பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எங்கோ தூரத்தில் எதிரொலித்தது. நைனாவின் பதிவுகளிலோ நேரம் ஓடுகிறது, ஓசை இல்லை. இரண்டு கோளாறு போலத் தெரியும். காரணம் ஒன்றே.

இயர்போன் முள்ளில் மூன்று உலோகப் பகுதிகள் உண்டு: நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. மின்னோட்டம் இரண்டு காதுக்கும் தனித்தனியே போய், பொதுக் கம்பி வழியே திரும்ப வேண்டும். பொதுக் கம்பி அறுந்துவிட்டால் திரும்பும் வழி அடைபடுகிறது. அப்போது இடது பக்கத்து மின்னோட்டம் இரண்டு காதுக் கருவிகளையும் கடந்து வலது பக்கமாகத்தான் போக முடியும். ஆகவே இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஓசையாகும். சினிமாப் பாட்டில் பாடகர் குரலை நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவில். ஒன்றை ஒன்று கழித்தால் பூஜ்யம். இரு பக்கமும் வேறுபடுகிற மேளமும் வயலினும் எதிரொலியும் மட்டும் தப்பும். நைனாவின் பதிவு ஒரே மைக்கில் எடுத்த மோனோ. இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றே. அங்கே கழித்தால் முழு மௌனம்.

வேறொரு இயர்போனை மாட்டியதும் நைனா பாட ஆரம்பித்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “பாடவில்லை” என்று அவர் எண்ணியிருந்தவற்றில் பெரும்பகுதி அந்த அறுந்த கம்பியின் வேலை. எதையும் திறப்பதற்கு முன் இயர்போனை மாற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கடற்காற்றும் வேர்வையும் சேர்ந்து முள்ளையும் துவாரத்தையும் பச்சை பிடிக்க வைக்கிற ஊர் நம்முடையது. உலர்ந்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு.

மிச்சம் இருந்தவை உண்மையான கோளாறுகள். அவற்றைப் புரிந்துகொள்ள ஒரு பாட்டு கார்டில் எப்படிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும்.

சிடியில் ஓசையை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 53 எம்பி. 1998இல் வந்த முதல் கையடக்க எம்பி3 கருவிகளில் இருந்த மொத்த இடமே 32 எம்பி! ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உழைத்து உருவாக்கிய எம்பி3 முறை அதே பாட்டை வினாடிக்கு 1,28,000 பிட்டில் அடைத்தது. 53 எம்பி, 4.8 எம்பி ஆனது. சுருங்கியதன் ரகசியம் நம் காதில் இருக்கிறது. பறை ஓங்கி ஒலிக்கும் கணத்தில் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தால் கேட்காது. பறை ஓய்ந்த பிறகும் ஒரு நொடித்துளி வரை காது மந்தமாகவே இருக்கும். அப்படிக் கேட்காமல் போகிறவற்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்பதே அந்தச் சிக்கனம். நான் வியக்கிற கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. கருவியின் அளவை மட்டும் பார்க்காமல், கேட்கிற மனிதரையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட பொறியியல் இது.

சுருக்கியதை எம்பி3 ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. 1,152 அளவுகளுக்கு ஒரு துண்டு. நேரத்தில் சொன்னால் சுமார் 26 மில்லி வினாடி. ஐந்து நிமிடப் பாட்டில் ஏறத்தாழ 11,500 துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு பைட் தகவல் உண்டு. தொடர்ச்சியாகப் பதினொரு ‘ஒன்று’ வந்தால் இங்கே துண்டு தொடங்குகிறது என்று அடையாளம். பிறகு எந்த வேகம், வினாடிக்கு எத்தனை அளவுகள், மோனோவா ஸ்டீரியோவா என்ற விவரம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு லாரிக்கும் அதன் நம்பர் பலகையும் அதன் சீட்டும் அதனிடமே இருக்கும். நடுவில் ஒன்று பழுதானால் பின்னால் வருவது ஒதுங்கிக் கடந்து போகும். எம்பி3யும் அப்படியே. கார்டில் 512 பைட் கொண்ட ஒரு சிறு கட்டம் கெட்டால் இரண்டு மூன்று துண்டுகள்தான் சேதம். முந்தைய துண்டில் மிச்சமான இடத்தை அடுத்தது கடன் வாங்குகிற வழக்கம் உண்டு என்பதால் பக்கத்துத் துண்டும் கொஞ்சம் பாதிக்கப்படலாம். காதுக்கு அது ஒரு ‘டிக்’. 32 கேபி அளவுள்ள தொகுதி முழுதும் போனால் இரண்டு வினாடி இழப்பு. அதன் பிறகு பதினொரு ஒன்றுகளைத் தேடிப் பிடித்து, பாட்டு மறுபடி ஓடும்.

ஆகவே எம்பி3 நடுவில் விக்கிவிட்டுத் தொடர்ந்தால் கார்டின் ஒரு மூலை கெட்டிருக்கிறது என்று பொருள். ஒன்றுமே பாடாமல் ‘ஃபைல் எரர்’ என்று நின்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும்.

நைனாவின் பதிவுகளில் நான்கு அப்படி நின்றன. பெயரில் நான்குமே எம்பி3. உள்ளே பார்த்தால் மூன்று ஏஎம்ஆர். பழைய பட்டன் போன்களில் குரலைப் பதிவு செய்தால் கிடைப்பது அந்த வகை. பெட்டி பாட வேண்டும் என்று யாரோ பெயரின் வாலை மட்டும் ‘எம்பி3’ என்று மாற்றியிருக்கிறார்கள். மிளகாய்த்தூள் டப்பாவில் சர்க்கரை என்று ஒட்டினால் காபி இனிக்காது. பெரும்பாலான கோப்புகள் தம் முதல் சில பைட்டுகளில் தாம் யார் என்று எழுதி வைத்திருக்கும். பெட்டி பெயரை நம்பிப் போய், முகம் வேறாக இருப்பதைக் கண்டு விலகிக்கொள்கிறது. கணினியில் விஎல்சி போன்ற மென்பொருள் முகத்தைப் பார்த்தே பாடுவதால் அங்கே இவை ஓடின. பெட்டியில் கேட்க வேண்டுமானால் எஃப்எஃப்எம்பெக் போன்ற ஒன்றால் முறையாக மாற்ற வேண்டும்.

ஏஎம்ஆர் தொலைபேசிப் பேச்சுக்காகப் பிறந்தது. வினாடிக்கு 8,000 அளவுகள்தான். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஓசை அதில் நுழையவே முடியாது. ஒரு நிமிடம் நூறு கேபிக்கும் குறைவு. நைனாவின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. கூடவே தட்டிய தாளம் மட்டும் தகரத்தைச் சுரண்டுவது போல வந்தது. அது கோளாறு கிடையாது. அந்தப் போன் அன்றிரவு கேட்டது அவ்வளவுதான்.

நான்காவது பதிவுதான் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஸ்மார்ட்போனில் எடுத்த எம்4ஏ வகை. பாடிக்கொண்டிருக்கும்போதே போன் சார்ஜ் இறங்கி அணைந்திருக்கிறது. எம்4ஏ வேலை செய்யும் விதம் வேறு. ஓசைத் துண்டுகளை வரிசையாகக் கொட்டிக்கொண்டே போய், எது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற பட்டியலைப் பல போன்கள் கடைசியில்தான் எழுதும். லாரிகள் எல்லாம் வந்து நின்றாயிற்று, ஒரு லாரியிலும் சீட்டு இல்லை, மொத்தப் பட்டியலும் கடைசி வண்டியில் வரும் குமாஸ்தாவிடம் இருக்கிறது, அவர் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு முழுதும் கண் முன்னால் நிற்கும், ஒரு பெட்டியையும் இறக்க முடியாது. இருபது நிமிடப் பாட்டு கார்டில் இருந்தும் எந்தக் கருவியும் ஒரு வினாடிகூடப் பாடாததற்கு இதுவே காரணம். அதே போனில் எடுத்த நல்ல பதிவு ஒன்று கிடைத்தால், அதை மாதிரியாக வைத்துத் தொலைந்த பட்டியலைத் திரும்பக் கட்டும் மென்பொருள்கள் உண்டு. அண்ணனின் தங்கை அந்தப் பழைய போனை மஞ்சப் பையில் சுற்றி வைத்திருந்தார். பதிவின் பெரும்பகுதி எழுந்து வந்தது.

இனி கார்டுக்கு வருவோம். ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் ஜப்பானில் தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா உருவாக்கினார். மின்காப்புச் சுவருக்குள் எலக்ட்ரான்களைச் சிறை வைப்பதுதான் அதன் தந்திரம். சிறையில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதே ஒன்றா பூஜ்யமா என்பதைச் சொல்கிறது. மின்சாரம் இல்லாமலே அவை வருடக்கணக்கில் உள்ளே இருக்கும். ஆனாலும் சுவர் முழுக்க முழுக்க இறுக்கமானது கிடையாது, மெல்லக் கசியும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் கிடக்கும் கார்டுக்கு வயது சீக்கிரம் ஏறும். சில பிட்டுகள் மாறினால் கார்டே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் அந்தக் கட்டத்தைப் படிக்க முடியாது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கியபோது இந்தக் கார்டும் நனைந்ததாம். மைக்ரோ எஸ்டி கார்டின் சில்லு பிசினுக்குள் முழுதாகப் புதைந்திருப்பதால் நனைவது மட்டும் அதைக் கொல்வதில்லை. ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதுதான் ஆபத்து. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, தங்க நிறப் பட்டைகளைத் துடைத்த பிறகே செருக வேண்டும்.

பொய் கார்டு என்று ஒன்றும் சந்தையில் உண்டு. மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கேட்டால் கார்டும் 64 என்றே சொல்லும், உள்ளே இருப்பது 8. எட்டு நிரம்பும் வரை எல்லாம் சுகம். அதன் பிறகு எழுதுவது வெற்றிடத்தில் விழும், அல்லது முதலில் எழுதியதன் மேலேயே ஏறி உட்காரும். பாட்டுகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், தொட்டால் ஓசை வராது. அல்லது ஒரு பாட்டுக்குள் இன்னொன்றின் வால் கேட்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் கார்டு முழுக்க எழுதிப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லும். புதிதாக வாங்கிய வெறும் கார்டில் மட்டுமே இந்தச் சோதனை. பாட்டு இருக்கும் கார்டில் கூடவே கூடாது.

ஃபார்மட் கேள்வி எங்கிருந்து வருகிறது? கார்டின் தொடக்கத்தில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை இருக்கிறது. அது சிதைந்தாலோ, கருவிக்குப் புரியாத வகையில் இருந்தாலோ, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. ஃபேட்32 மட்டுமே தெரிந்த பழைய பெட்டிக்கு நல்ல கார்டும் வெற்றுக் கார்டாகவே தெரியும். ஆம் என்று அழுத்தினால் பழைய அட்டவணையைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதும். பல நேரங்களில் பாட்டுகள் தம் இடத்திலேயே கிடக்கும். ஆனால் சில கருவிகள் கார்டையே உண்மையாகத் துடைத்துவிடும். எது எதைச் செய்யும் என்று அழுத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வழியில்லை.

இன்னும் ஒரு கோளாறு மிச்சம். ஓசைக்குச் சம்பந்தமில்லாதது, எழுத்தைப் பற்றியது. நைனாவின் பாட்டுகளுக்கு அண்ணனின் மகள் தமிழில் பெயர் சூட்டியிருந்தாள். பெட்டித் திரையில் சில கட்டங்களாகவும், சில கோணல் மாணலான ஐரோப்பிய எழுத்தாகவும், சில வெறும் கேள்விக்குறியாகவும் தெரிந்தன. மூன்றும் மூன்று நோய். கட்டம் என்றால் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை, பெயர் பத்திரம். கோணல் எழுத்து என்றால் ஒரு குறியீட்டு முறையில் எழுதியதை இன்னொன்றாகப் படிக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி உட்படப் பல முறைகள் புழங்கின. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அந்தக் காலத்துக் கோப்புகளை உரிய மாற்றியில் போட்டால் பெயர் மீளும். கேள்விக்குறிதான் மோசம். ஏதோ ஒரு மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தக் குறியையே எழுதி வைத்திருந்தால் பெயர் போனது போனதுதான்.

1996இல் எம்பி3யின் வாலில் பாட்டின் விவரம் எழுத ஐடி3 என்ற முறை வந்தபோது தலைப்புக்கு ஒதுக்கியது 30 பைட். ஆங்கிலத்துக்கு முப்பது எழுத்து. யூடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும்; ‘கொ’ என்ற எழுத்துக்குக் ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று என இரண்டு குறிகள். கொடுங்கையூர் என்ற நம் ஊர்ப் பெயருக்குப் பன்னிரண்டு குறிகள், 36 பைட். முப்பதில் அடைத்தால் ‘கொடுங்கையூ’ என்று நின்றுவிடும். பெயரை முழுதாக எழுதக்கூட இடம் தராத அந்த முறையை வடிவமைத்தவர்களின் நினைவில் நம் மொழி இல்லை. பிறகு 1998இல் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கி யூனிகோடுக்கும் இடம் தந்தது. தமிழில் பெயரிடுகிறவர்கள் அந்தப் பதிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காதால் கேட்டுப் பார்த்த பிறகு அந்தக் கார்டில் நான் செய்த முதல் வேலை, அதில் எதையும் எழுதாமல் முழுக் கார்டையும் பிட்டுக்குப் பிட்டு கணினியில் நகலெடுத்தது. படிக்க மறுத்த கட்டங்களைக் கடைசியில் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும் டிடிரெஸ்க்யூ அதற்கு உதவியது. அதன் பிறகு கார்டைத் தொடவே இல்லை; மாற்றல், தேடல் எல்லாம் நகலில்தான். அட்டவணையில் இல்லாத பாட்டுகளைப் போட்டோரெக் தேடித் தந்தது. பெயர் போனாலும் முகம் இருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. யாரோ தவறுதலாக அழித்திருந்த இரண்டு பதிவுகளும் அதில் வந்தன. அழிக்கும்போது ஃபேட்32 செய்வது, அட்டவணையில் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வது மட்டும்தான். அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பாட்டு அங்கேயே காத்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் பரணிலோ பழைய போனிலோ இப்படி ஒரு கார்டு இருக்கலாம்: அம்மாவின் தாலாட்டு, தாத்தாவின் பேச்சு, கல்யாண வீட்டுப் பாட்டு. அதில் புதிதாக ஒன்றும் ஏற்றாதீர்கள். ஃபார்மட் செய்யவா என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிக் கழற்றி வையுங்கள். நகலெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறொரு வீட்டில். நைனாவின் பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.